கிளீசன் 6 என்று வந்திருக்கிறது: மரபணுப் பரிசோதனைக்குத் திசுவை அனுப்பலாமா?

எடிசன்வாசி | மார்ச் 4, இரவு 9.40

இங்கே இதுவரை தோட்டம், வருமான வரி, பழைய கார் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை விஷயம் வேறு.

வயது 61. நியூ ஜெர்சியில் 24 ஆண்டுகளாக இருக்கிறேன். விஷயம் புரோஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதற்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. சென்ற ஆண்டு 4.1, இந்த ஆண்டு 5.8. பயாப்சி செய்தார்கள். ஊசியால் எடுத்த 12 துண்டுகளில் இரண்டில் புற்றுநோய் உயிரணுக்கள். புற்றின் தரத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+3=6. டாக்டர் சிரித்த முகமாக, "இது அபாயம் குறைந்த வகை, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கண்காணிப்போம்" என்றார். பத்துக்கு ஆறு எப்படிக் குறைந்த அபாயம் ஆகும் என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை.

வீட்டில் நிலைமை சரியில்லை. மனைவி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. திருச்சியிலிருந்து மைத்துனர் தினமும் அழைக்கிறார். "பாம்பு வீட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவீர்களா?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதானே?

டாக்டர் கடைசியில் ஒன்று சொன்னார். பயாப்சியில் எடுத்த அதே திசுவை அனுப்பினால் 17 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருவார்களாம், எண் ஏற ஏற அபாயம் அதிகமாம். வேண்டுமானால் செய்யலாம், கட்டாயமில்லை என்றார். யாராவது செய்திருக்கிறீர்களா? பிரயோஜனம் உண்டா?


கந்தையா_ஸ்கார்பரோ | மார்ச் 4, இரவு 11.15

தம்பி, முதலில் மனைவியைச் சாப்பிடச் சொல்லுங்கள். எனக்கு இப்போது 72. உங்கள் அறிக்கை போலவே ஓர் அறிக்கை 63 வயதில் என் கையில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அறுவை சிகிச்சை இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கிறேன். மூன்று முறை மறு பயாப்சி செய்தார்கள்.

இந்தக் கண்காணிப்பு முறை எங்கள் டொராண்டோவில் வேர்விட்டது. சன்னிபுரூக் மருத்துவமனையில் லாரன்ஸ் குளொட்ஸ் என்ற மருத்துவர் 1995 இல் தொடங்கினார். அன்று அவரைப் பலர் திட்டினார்களாம், நோயாளியைக் கைவிடுகிறார் என்று. 2015 இல் அவர் கணக்கு வெளியிட்டபோது, அவருடைய கண்காணிப்பில் இருந்த 993 ஆண்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 15 பேர்.

என் காலத்தில் எனக்கு யாரும் மரபணுப் பரிசோதனை சொல்லவில்லை. ஆகையால் அதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. முதல் ஆண்டு கடினம் என்பது மட்டும் தெரியும். முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டது என்று நினைப்பீர்கள். பனி அள்ளியதால் வந்த வலி என்று மறுநாள்தான் நினைவுக்கு வரும்.


மதுரைக்காரன் | மார்ச் 5, காலை 6.02

மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பாவுக்கு இதே நோய். இடுப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்குப் போனபோது பி.எஸ்.ஏ. 400ஐத் தாண்டியிருந்தது. இரண்டரை ஆண்டுகள் இருந்தார். கடைசி ஆறு மாதங்களை நான் எழுத விரும்பவில்லை. "கண்காணிப்போம்" என்கிறவர்கள் அந்த அறையில் ஒரு இரவு படுத்துப் பார்க்க வேண்டும். சுரப்பியை எடுத்துவிடுங்கள் ஐயா.


நுண்ணோக்கி | மார்ச் 5, காலை 8.30

மதுரைக்காரன் தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் உங்கள் அப்பாவின் நோயும் எடிசன்வாசியின் நோயும் பெயரில் மட்டுமே ஒன்று. உங்கள் அப்பாவுடையது கண்டுபிடிக்கப்படும்போதே எலும்பில் இருந்திருக்கிறது. இந்தியாவில் பலருக்கு அப்படித்தான் தெரியவருகிறது. அமெரிக்காவில் சிக்கல் நேர் எதிர். தேவைக்கு மேல் கண்டுபிடித்து, தேவையில்லாதவருக்கும் கத்தி வைத்த கதை அங்கே நீளமானது.

நான் திசு ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். "பத்துக்கு ஆறு" பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் கிளீசன் மினியாபொலிஸில் படைவீரர் மருத்துவமனையில் இருந்தவர். 1966 இல் இந்த முறையை வெளியிட்டார். சுரப்பிகளின் அமைப்பு எவ்வளவு குலைந்திருக்கிறது என்று 1 முதல் 5 வரை போட்டு, அதிகம் காணப்படும் இரண்டு வகைகளைக் கூட்டுவது. பிற்காலத்தில் பயாப்சியில் 1, 2 என்ற எண்களைப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆக இன்று நடைமுறையில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 3+3=6 தான். பரீட்சையில் 6 வாங்கியதாக நினைக்காதீர்கள். ஏணியின் ஆகக் கீழ்ப்படி அது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014 இல் 1 முதல் 5 வரை புதிய தரக்குழுக்கள் கொண்டுவந்தார்கள். உங்களுடையது தரக்குழு 1. இதற்குப் புற்றுநோய் என்ற பெயரே வேண்டாம் என்று சிகாகோவின் ஸ்காட் எகனர் போன்ற மருத்துவர்கள் 2022 இல் வாதிட்டார்கள். பெயரை எடுத்தால் நோயாளி கண்காணிப்புக்கு வராமல் போவார் என்று எங்கள் துறையில் பலர் எதிர்த்தார்கள். நானும் எதிர்க்கட்சிதான்.

இனி உங்கள் கேள்வி. ஊசியில் வரும் துண்டு அறுந்த வெள்ளை நூல் போல இருக்கும், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். அதை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகுக் கட்டிக்குள் பதிப்போம். அந்தக் கட்டி இப்போதும் ஆய்வக அலமாரியில் உங்கள் எண்ணோடு இருக்கும், அதனால் உங்களுக்கு மறுபடி ஊசி கிடையாது. அதிலிருந்து 5 மைக்ரான் கனத்தில் சில ஏடுகள் சீவுவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் அவை ரிப்பன் போல மிதக்கும், கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால் சுருண்டுவிடும். புற்றுநோய் இருக்கும் இடத்தை மருத்துவர் பேனாவால் வட்டமிடுவார். அந்த வட்டத்துக்குள் உள்ளதை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகலை, பிரிப்பார்கள். புற்று இருக்கும் பகுதி ஒரு மில்லிமீட்டர் நீளமாவது வேண்டும், இல்லாவிட்டால் மாதிரி போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நுண்ணோக்கியில் நாங்கள் பார்ப்பது ஆளின் முகம். ஆர்.என்.ஏ.வில் கேட்பது பேச்சு. சாதுவான முகத்தோடு அடாவடியாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களைப் பிடிக்கத்தான் இது. அந்த 17 மரபணுக்களில் 5 வெறும் அளவுகோலுக்காக, மீதி 12 தான் வேலைக்காரர்கள். அவற்றுள் ஒன்று உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும். மூன்று, புற்றைச் சுற்றியுள்ள திசுவின் எதிர்வினை. அவை உரக்கப் பேசினால் நல்லதல்ல. ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் சார்ந்த நான்கும், உயிரணுவின் கட்டமைப்பைச் சேர்ந்த நான்கும் நன்றாகப் பேசினால் நல்லது.


லெஸ்டர்_அக்கா | மார்ச் 5, மதியம் 1.20

நுண்ணோக்கி அம்மா எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். எட்டு ஆண்டு ஆயிற்று அவருக்கு அறுவை சிகிச்சை நடந்து. "முன்பே யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்" என்றார்.


புதுவை_செல்வம் | மார்ச் 5, மாலை 4.44

ஒரு சந்தேகம். மரபணு என்றால் பரம்பரை அல்லவா? எடிசன்வாசிக்கு மதிப்பெண் அதிகம் வந்தால் அவர் மகனும் பயப்பட வேண்டுமா?


நுண்ணோக்கி | மார்ச் 5, மாலை 5.10

இல்லை. இந்தப் பரிசோதனை புற்றுக்கட்டிக்குள் எந்த மரபணு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அளக்கிறது. அது மகனுக்குப் போகாது. பிறவியிலேயே வரும் பிழைகளைப் பார்ப்பது தனி, இரத்தத்திலோ எச்சிலிலோ செய்வார்கள். அதில் பி.ஆர்.சி.ஏ.2 முக்கியம். மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசும்போது கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே மரபணுதான். அதில் பிழை உள்ள ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்று கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். எடிசன்வாசி, உங்கள் குடும்பத்தில் மார்பகம், சினைப்பை, கணையம் இவற்றில் யாருக்காவது இளம் வயதில் புற்று வந்ததா? வந்திருந்தால் இந்த 17க்கு முன்னால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.


கணக்கன் | மார்ச் 5, இரவு 10.05

புள்ளியியல் என் தொழில். ஆகவே கொண்டாட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறேன்.

இந்த 17ஐத் தேர்ந்தெடுத்த விதம் அருமைதான், மறுக்கவில்லை. புரோஸ்டேட்டில் புற்று ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை, பல திட்டுகளாக இருக்கும். ஊசி சாதுவான திட்டில் குத்திவிட்டு முரட்டுத் திட்டைத் தவறவிடலாம். கிளீவ்லாந்து கிளினிக்கின் எரிக் கிளைன் குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வில், புரோஸ்டேட்டை அகற்றிய 441 பேரின் திசுவில் 732 மரபணுக்களைப் பார்த்தார்கள். எந்தத் திட்டில் குத்தினாலும் ஒரே கதையைச் சொல்லும் மரபணுக்களைத் தேடி வடிகட்டி 17க்கு வந்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவில் 395 பேரிடம் சரிபார்த்தார்கள். சந்தையில் வேறு இரண்டும் உண்டு: புரொலாரிஸ், டிசைஃபர். முன்னது உயிரணுப் பெருக்க மரபணுக்கள் 31ஐப் பார்க்கிறது. பின்னது 22 குறிகளை வைத்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது.

நான் கேட்பது இதுதான். பி.எஸ்.ஏ., கிளீசன், சுரப்பியின் அளவு ஆகியவை ஏற்கெனவே கையில் இருக்கும்போது, சில ஆயிரம் டாலர் விலையுள்ள இந்த எண் கூடுதலாக என்ன சொல்கிறது? வட அமெரிக்காவில் கண்காணிப்பில் உள்ளவர்களைத் தொடரும் ஒரு பெரிய ஆய்வுக் குழு 2020 இல் இதைப் பார்த்தது. பி.எஸ்.ஏ. அடர்த்தியையும் தரக்குழுவையும் கணக்கில் எடுத்தபின், 17 மரபணு மதிப்பெண் சேர்த்ததால் கணிப்பு குறிப்பிடும்படி மேம்படவில்லை. பி.எஸ்.ஏ. அடர்த்தி என்பது வெறும் வகுத்தல். பி.எஸ்.ஏ.வைச் சுரப்பியின் கன அளவால் வகுக்க வேண்டும். செலவு பூஜ்ஜியம்.

எடிசன்வாசி, உங்கள் பயாப்சி அறிக்கையில் சுரப்பியின் அளவு இருக்கும், கன சென்டிமீட்டரில். அதை எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா?


எடிசன்வாசி | மார்ச் 6, காலை 7.15

34 என்று போட்டிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொண்டு ஊசி போட்டார்கள். குடும்பத்தில் நுண்ணோக்கி அம்மா கேட்டது எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அம்மாவின் அக்கா ஒருவர் சின்ன வயதில் இறந்தார், ஏதோ வயிற்று நோய் என்பார்கள். அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்.


கணக்கன் | மார்ச் 6, காலை 7.40

5.8ஐ 34ஆல் வகுத்தால் 0.17.

என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். வழக்கமாக எல்லைக்கோடாக வைக்கும் 0.15க்குக் கீழே இருந்திருந்தால், எல்லா எண்களும் ஒரே பக்கம் சாய்கின்றன, பரிசோதனை வீண் செலவு என்று எழுதியிருப்பேன். உங்களுக்குக் கிளீசன் ஒன்று சொல்கிறது, அடர்த்தி லேசாக வேறு சொல்கிறது. சாட்சிகள் முரண்படும் இடத்தில் மூன்றாவது சாட்சியை அழைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் நானாக இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பேன்.


சித்தமருந்து_சிவா | மார்ச் 6, காலை 9.58

தக்காளியும் மாதுளையும் தினமும் எடுத்தால் பி.எஸ்.ஏ. தானாக இறங்கும். என்னிடம் ஒரு சூரணம் இருக்கிறது, தனிச்செய்தியில்


நெறியாளர் | மார்ச் 6, காலை 10.12

மேற்கண்ட பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. தக்காளி சாப்பிடத் தடையில்லை.


மதுரைக்காரன் | மார்ச் 6, மதியம் 12.30

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். நுண்ணோக்கி அம்மா சொன்னது புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எடுத்துவிட்டால் நிம்மதி அல்லவா? ஏன் பதினைந்து வருடம் மனத்தில் சுமக்க வேண்டும்?


லெஸ்டர்_அக்கா | மார்ச் 6, மாலை 6.25

இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் கணவருக்கு வயது 58 அப்போது. உங்கள் கேள்வியைத்தான் நாங்களும் கேட்டோம், எடுத்துவிட்டோம். அறுத்துப் பார்த்ததில் எல்லாம் கிளீசன் 6 தான். டாக்டர் கைகுலுக்கினார். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அவர் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிந்தது. கோயிலில் விழுந்து கும்பிட மாட்டார், எழுந்திருக்கும்போது நனைந்துவிடும் என்று. கல்யாண வீட்டுக்குக் கறுப்புப் பேண்ட் மட்டும்தான். கசிவு பிறகு பெரும்பாலும் நின்றது. மற்றது திரும்பி வரவில்லை. மற்றது எது என்று பெரியவர்களுக்குத் தெரியும். அதை வீட்டில் வாய்விட்டுப் பேச எங்களுக்கு நான்கு ஆண்டு பிடித்தது.

இங்கே பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் 15 ஆண்டு முடிவு 2023 மார்ச்சில் வந்தது. 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. இந்த நோயால் இறந்தவர்கள் முறையே 3.1, 2.2, 2.9 சதவீதம். ஏறக்குறைய சமம். நோய் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் ஐந்தை ஒட்டி. அதையும் மறைக்கவில்லை. அவர்களில் எல்லோரும் கிளீசன் 6 இல்லை, அந்தக் காலத்தில் எம்.ஆர்.ஐ.யும் இல்லை என்று எங்கள் செவிலியர் விளக்கினார்.

அறுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிம்மதி கிடைக்கும் என்று நினைத்து யாரும் மேசையில் ஏறக் கூடாது. எடிசன்வாசி, உங்கள் மனைவி பேச விரும்பினால் என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஆண்கள் எண்களைப் பேசுகிறீர்கள். அவருக்கு வேறு கேள்விகள் இருக்கும்.


கணக்கன் | மார்ச் 6, இரவு 11.30

பரிசோதனை செய்வதென்றால் ஓர் எச்சரிக்கை. சிகாகோவில் 200 ஆண்களிடம் இதே 17 மரபணுச் சோதனையை வைத்து ஒரு குலுக்கல் ஆய்வு நடந்தது, பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். முடிவு 2021 இல் வந்தது. சோதனை செய்தவர்களில் 77 சதவீதம் கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்யாதவர்களில் 88 சதவீதம். தைரியம் கொடுக்க வந்த சோதனை தைரியத்தைக் குறைத்ததோ என்று தோன்றும். மொத்தத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவ அறிக்கைகளைப் படித்துப் பழக்கமில்லாதவர்களிடையே அது பெரிதாக இருந்தது. ஒரு தாளில் சதவீதம், அருகில் "புற்றுநோய்", "மரணம்" என்று அச்சடித்திருந்தால் கண் சதவீதத்துக்குப் போகாது.

அறிக்கையைத் தனியாகத் திறக்காதீர்கள். டாக்டரின் அறையில் திறங்கள்.

இன்னொன்று, மைத்துனரிடம் சொல்ல. கண்காணிப்பு என்பது இப்போது ஒதுக்குப்புற வழி அல்ல. அமெரிக்காவில் அபாயம் குறைந்தவர்களில் இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் 2014 இல் 26.5 சதவீதம், 2021 இல் 59.6. சிறுநீரியல் மருத்துவர்களின் பதிவேட்டுக் கணக்கு இது.


எடிசன்வாசி | மார்ச் 7, காலை 6.50

எல்லோருக்கும் நன்றி. டாக்டருக்கு எழுதிவிட்டேன். இரண்டும் செய்யலாம் என்றார். மெழுகுக் கட்டி கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. மனைவியிடம் நுண்ணோக்கி அம்மாவின் ரிப்பன் கதையைச் சொன்னேன். "அவ்வளவு மெல்லியதா?" என்று ஒரு கேள்வி கேட்டாள். மூன்று நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி.


எடிசன்வாசி | ஏப்ரல் 2, இரவு 8.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். காப்பீட்டு நிறுவனம் எம்.ஆர்.ஐ.க்கு முதலில் மறுத்தது, டாக்டர் பேசிய பிறகு ஒத்துக்கொண்டது.

மதிப்பெண் 24. கணக்கன் சொன்னபடி டாக்டர் அறையில்தான் திறந்தோம். அவர் விரலால் ஒரு வரியை மறைத்துக்கொண்டு மற்றதைக் காட்டினார். எதை மறைத்தார் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், பத்து ஆண்டில் இறப்பதற்கான வாய்ப்பு. மிகச் சிறிய எண். அதையும் மறைத்தாரே என்று சிரிப்பு வந்தது.

எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சுரப்பியின் அளவு அதில் 41 என்று வந்திருக்கிறது. 34 இல்லை.


கணக்கன் | ஏப்ரல் 2, இரவு 8.31

41ஆ? அப்படியானால் அடர்த்தி 0.14. கோட்டுக்கு இந்தப் பக்கம். நான் முரண்படும் சாட்சி என்று சொன்னதே அளவு நாடாவின் பிழை! பழைய அளவை நம்பி உங்களைச் செலவழிக்க வைத்துவிட்டேன். அல்ட்ராசவுண்டில் நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்குவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் போதும். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் 0.17ஐக் கல்லில் வெட்டியது போல எழுதினேன்.


நுண்ணோக்கி | ஏப்ரல் 2, இரவு 9.05

வருத்தப்படாதீர்கள். எங்கள் துறையிலும் ஒரே தகட்டை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் 3 என்பார், மற்றவர் 4 என்பார். எடிசன்வாசி, 24 வந்துவிட்டது என்று அடுத்த பயாப்சியைத் தவிர்க்காதீர்கள். ஊசி போன இடத்தைப் பற்றித்தான் அந்த எண் பேசுகிறது. எத்தனை திட்டுகளுக்கும் பொதுவான மரபணுக்கள் என்றாலும், ஊசி தொடாத இடத்துக்கு நாங்கள் யாரும் உத்தரவாதம் தர முடியாது.


மதுரைக்காரன் | ஏப்ரல் 3, காலை 5.55

நல்ல செய்தி ஐயா. இதைப் படித்த பிறகு நானும் போய்ப் பி.எஸ்.ஏ. பார்த்தேன். 49 வயது. 0.9. அப்பாவுக்கு இருந்ததால் அடுத்த முறை எப்போது என்று கேட்டிருக்கிறேன்.


லெஸ்டர்_அக்கா | ஏப்ரல் 3, காலை 11.40

உங்கள் மனைவி நேற்றும் அழைத்தார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. வத்தக்குழம்புக்கு இங்கே சுண்டைக்காய் எங்கே கிடைக்கிறது என்று கேட்டார். நாற்பது நிமிடம்.


எடிசன்வாசி | ஏப்ரல் 3, மாலை 7.10

அக்கா, அப்படியா! என்னிடம் "இருக்கட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். மைத்துனர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பாம்பு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்கிறார். பல் இல்லாத பாம்பு என்றேன். பல் முளைக்காது என்று 17 மரபணுவும் எழுதிக் கொடுத்ததா என்று திருப்பிக் கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

அடுத்த பி.எஸ்.ஏ. அக்டோபரில். அதற்கு முன்னால் ஏதாவது பத்தியம் உண்டா?


கந்தையா_ஸ்கார்பரோ | ஏப்ரல் 3, இரவு 10.30

பத்தியம் இல்லை தம்பி. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள் ஓட்ட வேண்டாம், கடும் உடற்பயிற்சி வேண்டாம். லெஸ்டர் அக்கா சொன்ன அந்த "மற்றது"ம் அந்த இரண்டு நாள் வேண்டாம். எண் ஏறிக் காட்டும். நான் ஒரு முறை பேரனோடு ஏரிக்கரையில் 20 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிவிட்டு மறுநாள் இரத்தம் கொடுத்தேன். பிறகு மூன்று வாரம் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.